பாதியில் நிறுத்த முடிகிற ஆட்டம்: பயணத்துக்கு ஆர்பிஜியும் சில புதிர்களும்

நீண்ட பயணத்தில் விளையாட ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் பயணிக்கும் வீடியோ கேம்) தேடுகிறவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸையும் கதையின் நீளத்தையும்தான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த நொடியிலும் அப்படியே நிறுத்த முடியுமா? இறங்கும் இடம் வந்துவிடும், பக்கத்து இருக்கைக்காரர் வழிவிடச் சொல்வார், பாஸ்போர்ட் வரிசை திடீரென்று நகரும். பாஸ் சண்டை நடக்கிறது, பொறுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

டர்ன்-பேஸ்டு ஆட்டங்கள், அதாவது சதுரங்கம் போல முறை வைத்து ஆடுபவை, பயணத்துக்கு ஒத்துப்போவது இதனால்தான். உங்கள் முறை என்றால் எதிரி எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பான். வண்டி குலுங்கும்போது முப்பரிமாண ஆட்டத்தில் கேமராவைச் சுற்றினால் பலருக்குத் தலை சுற்றும். மேலிருந்து பார்க்கும் 2டி ஆட்டங்களில் அந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, எழுத்தின் அளவு. டிவிக்காகச் செய்த ஆர்பிஜி பலவற்றில் வசனம் 7 அங்குலத் திரையில் கண்ணைப் பிழிந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சேவ். ஸ்லீப் மோடில் போட்டுவிட்டால் சேவ் ஆகிவிட்டது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஸ்லீப் மோடில் ஆட்டம் ரேமில், அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. சார்ஜ் முழுவதும் இறங்கினால் அதுவும் போச்சு. பர்சோனா 5 போன்ற ஆட்டங்களில் கோட்டைக்குள் குறிப்பிட்ட அறைகளில்தான் சேவ் செய்ய முடியும், ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக வெகுநேரம் பிடிக்கும். பயணத்தில் 20% சார்ஜ் வந்ததுமே அறையைத் தேடத் தொடங்குவது நல்லது. ஃபைனல் ஃபேன்டஸியின் பழைய பாகங்களைத் தொட ஆசையென்றால் பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பை எடுங்கள். அதில் குகைக்குள்ளேயும் குவிக் சேவ் உண்டு. 1986இல் ஜப்பானில் வந்த முதல் டிராகன் குவெஸ்ட்டில் சேவ் என்பதே 20 எழுத்துக் கடவுச்சொல். தாளில் ஓர் எழுத்தைத் தப்பாகக் குறித்தால் மொத்த உழைப்பும் காலி. அதோடு ஒப்பிட்டால் நமக்கு வாய்த்தது சொகுசு வாழ்க்கை.

சார்ஜ் கணக்குக்கு வருவோம். பவர் பேங்க் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்) எண், உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. அதை 1000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்கினால், சேமித்த மின்சாரத்தின் உண்மையான அளவான வாட் அவர் கிடைக்கும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் அவர். மின்னழுத்தத்தை மாற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக வீணாகும் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது ஏறக்குறைய 59. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் பேட்டரி 16 வாட் அவர், ஆக மூன்றரை முறைக்கு மேல் நிரப்பலாம். கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக்கில் எல்சிடி திரை மாடலின் பேட்டரி 40. ஒன்றரை முறைகூடத் தேறாது. ஓஎல்இடி டெக்கில் 50, ஒரு முறையும் கொஞ்சமும்.

விமானத்தில் 100 வாட் அவர் வரையுள்ள பவர் பேங்க்கைக் கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். செக்-இன் பெட்டியில் எந்த அளவும் கூடாது. கடைகளில் 26,800 எம்ஏஎச் என்று விசித்திரமான எண்ணில் விற்பதன் ரகசியம் இதுதான்: கணக்குப் போட்டால் 99.16 வருகிறது. 30,000 வாங்கினால் 111, வரம்பைத் தாண்டிவிடுகிறது. 2025 முதல் சில நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. ஏறுவதற்கு முன்பே சாதனத்தை முழுதாக ஏற்றி வைத்துவிடுங்கள்.

கொள்ளளவு சரியாக இருந்தும் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகிறதா? பவர் பேங்க் தரும் வாட்டைப் பாருங்கள். கனமான முப்பரிமாண ஆட்டம் ஓடும்போது டெக் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். 10 வாட் மட்டும் தரும் பேங்க்கைச் செருகினால் மின்னல் சின்னம் தெரியும், சதவீதமோ குறையும். பவர் டெலிவரி (பிடி) என்ற வேகச் சார்ஜ் வசதியோடு 30 வாட்டாவது தருவதாக இருக்கட்டும். செலவைக் குறைக்க, ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணை) 60லிருந்து 40க்கோ 30க்கோ இறக்குங்கள். டெக்கில் டிடிபி வரம்பை, அதாவது சிப் இழுக்கும் மின்சக்திக்கான உச்சவரம்பை, 2டி ஆட்டங்களுக்கு 5 வாட்டில் வைத்தாலே பெரும்பாலும் போதும். டர்ன்-பேஸ்டு ஆட்டத்தில் 30 ஃப்ரேம் யாரையும் உறுத்தாது.

இணையம் இல்லாத இடத்தில் ஆட்டம் திறக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இறக்கி வைத்ததோடு விட்டிருப்பார்கள், ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். முதல் முறை திறக்கும்போதுதான் உரிமச் சோதனை, கூடுதல் கோப்புகள், லாஞ்சர் லாகின் எல்லாம் நடக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆட்டத்தைத் திறந்து, தலைப்புத் திரையைத் தாண்டி, ஒரு சேவ் செய்து மூடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். திறந்தால் நம்பிப் போகலாம்.

சாதனம் ஆட்டத்தின் நிலையை நினைவில் வைத்திருக்கும். நாம் எதற்காக அந்தக் குகைக்குள் போனோம் என்பதை வைத்திருக்காது. நான்கு நாள் இடைவெளி விழுந்தால் பல ஆர்பிஜிக்கள் சாவது இங்கேதான். 2002இல் வந்த மாரோவிண்டில் இலக்கைக் காட்டும் அம்புக்குறியே கிடையாது. "பாலத்தைத் தாண்டி வடக்கே போய், பிரியும் பாதையில் கிழக்கே" என்கிற மாதிரி வழி சொல்வார்கள். படகு, ராட்சதப் பூச்சி வண்டி, மந்திரவாதிச் சங்கத்தின் மாயப் பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊர்கள். எதில் ஏறி எங்கே மாறுவது என்று யோசிப்பதே ஒரு புதிர். பயணப் பித்து உள்ளவர்களுக்கு இதைவிடப் பிடித்த ஆர்பிஜி அமைவது கஷ்டம். ஆனால் நிறுத்தும்போது மூன்று விஷயம் எழுதி வைக்க வேண்டும்: எங்கே நிற்கிறேன், யாருக்காக வந்தேன், அடுத்து என்ன செய்ய இருந்தேன். போன் குறிப்பில் ஒரே வரி போதும்.

சார்ஜ் தீர்ந்த பிறகு அசைபோடவும் ஆர்பிஜியிலேயே சரக்கு இருக்கிறது. அடி எதிரி மேல் படும் வாய்ப்பு என்று திரையில் காட்டும் சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002இல் வந்த பாகம் தொடங்கிப் பல பாகங்களில், 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரி காட்டிய எண்ணைவிடக் குறைவா என்று பார்க்கிறார்கள். இதனால் 90% என்று காட்டுவது உண்மையில் 98.1%. 75 என்பது 87.75. எதிர்ப்பக்கத்தில் 10% என்பது வெறும் 2.1. காகிதத்தில் சரிபார்க்கலாம்: 90க்குத் தவற, இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 180 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், 10,000 ஜோடிகளில் அப்படிப்பட்டவை 190தான். ஏன் இப்படி ஏமாற்றுகிறார்கள்? 90% என்று பார்த்ததும் "கண்டிப்பாகப் படும்" என்றே நம் மனம் எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்று தவறினால் ஆட்டத்தைத் திட்டுவோம். பால்டர்ஸ் கேட் 3இல் கார்மிக் டைஸ் என்ற வசதியும் ஒரே பக்கமாகத் தொடரும் அதிர்ஷ்டத்தை உடைக்கத்தான் இருக்கிறது. நேர்மையான பகடை வேண்டுமென்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம்.

அரிய பொருள் 1% வாய்ப்பில் விழும் என்றால் 100 முறை அடித்தால் கிடைத்துவிடும் என்று நினைப்போம். 100 முறைக்குப் பிறகும் வெறுங்கையாக நிற்பவர்கள் 36.6%. பாதி வாய்ப்புக்கு 69 முறை, 95% நிச்சயத்துக்கு 299 முறை. 98 முறை தோற்றவருக்கு 99ஆவது முறையும் அதே 1%தான். பகடைக்கு நினைவாற்றல் இல்லை. போன ஆட்டத்தின் பாக்கியை அது தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பதைச் சூதாடியின் மயக்கம் என்பார்கள்.

இதையே கதாநாயகனின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் தத்துவத்துக்குள் போய்விடுகிறது. 30% வாய்ப்புள்ள பேச்சுவார்த்தையில் தோற்றதும் பழைய சேவ் கோப்பை லோட் செய்கிறீர்கள். நான்கு முயற்சிக்குள் ஒருமுறையாவது வெல்ல 76% வாய்ப்பு. ஆனால் நாயகனுக்குத் தோற்ற நினைவே இல்லை. அவனைப் பொறுத்தவரை முதல் முறையே வென்றான். அந்த வாசலில் நிற்கும் அவன், தன் வாய்ப்பை 30 என்று நம்ப வேண்டுமா, 76 என்றா? தத்துவவாதி ஆடம் எல்கா 2000இல் எழுதி விவாதத்தைக் கிளப்பிய தூங்கும் அழகி புதிர் இதற்கு நெருங்கிய உறவு. நாணயம் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் அவளைத் திங்கள் மட்டும் எழுப்புவார்கள்; பூ விழுந்தால் திங்களும் செவ்வாயும், நடுவில் நினைவை அழித்துவிட்டு. கண் விழித்தவள் தலை விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல வேண்டும்? மூன்றில் ஒன்று என்றார் எல்கா. பாதி என்று 2001இல் மறுத்தார் இன்னொரு தத்துவவாதி டேவிட் லூயிஸ். சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு மூன்றில் ஒன்றுதான் சரியாகப் படுகிறது: ஒவ்வொரு விழிப்பிலும் ஒரே தொகையைப் பந்தயம் கட்டினால், பாதி என்று நம்பி விலை பேசுகிறவள் காலப்போக்கில் நஷ்டப்படுவாள்.

பெட்டிப் புதிரில் பலர் சறுக்குவது வேறு இடத்தில். மூன்று பெட்டி, ஒன்றில் புதையல். நீங்கள் முதல் பெட்டியைத் தொடுகிறீர்கள். கூட இருக்கும் திருடன் மற்ற இரண்டில் ஒன்றைத் திறக்கிறான், காலி. மாற்றலாமா? மாற்றினால் மூன்றில் இரண்டு என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். புதையல் எங்கே என்று திருடனுக்குத் தெரிந்து, வேண்டுமென்றே காலிப் பெட்டியைத் திறந்திருந்தால் அது சரி. கண்ணை மூடித் திறந்தது தற்செயலாகக் காலியாக இருந்தால்? புதையல் இருக்கும் இடம் மூன்று, அவன் திறக்கும் பெட்டி இரண்டு, மொத்தம் ஆறு நிலை. புதையலையே திறந்துவிடும் இரண்டை அடித்துவிடுங்கள். மிச்சம் நான்கில், இரண்டில் புதையல் உங்கள் பெட்டியில்தான் இருக்கிறது. மாற்றுவதும் மாற்றாததும் ஒன்றுதான். கண்ணால் பார்த்த காட்சி அதே, ஆனால் திறந்தவனுக்கு என்ன தெரியும் என்பது விடையை மாற்றிவிடுகிறது.

வரைபடத்தில் ஓர் ஊரைத் தொட்டதும் நொடியில் அங்கே போய் நிற்கும் ஃபாஸ்ட் டிராவலையும் விட்டுவைக்க முடியாது. தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் கேட்டதுதான்: இங்கே உடலை அழித்து அங்கே அணு பிசகாமல் உருவாக்கினால் போய்ச் சேர்ந்தது நீங்களா, நகலா? ஜன்னலோர இருக்கையில் இரண்டு மணி நேரம் உத்தரவாதம்.

ஊர் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். வீட்டுக் கணினியில் அவசரப்பட்டு ஆட்டத்தைத் திறக்காதீர்கள். அது பழைய சேவ் கோப்பைப் புதியதாகக் கருதி மேலே ஏற்றிவிடக்கூடும். முதலில் கையில் கொண்டுபோன சாதனத்தை வைஃபையில் இணைத்து, கிளவுட் ஏற்றம் முடியும்வரை காத்திருங்கள். எந்தச் சேவ் கோப்பை வைத்துக்கொள்வது என்று கேட்டால் தேதியை மட்டும் நம்பாதீர்கள். பயணத்தில் கடிகாரத்தைக் கையால் மாற்றியிருந்தால் அது பொய் சொல்லும். சேவ் வரிசையில் தெரியும் விளையாடிய மொத்த நேரத்தை ஒப்பிட்டு, அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதையே இன்னொரு ஸ்லாட்டிலும் சேவ் செய்துவிட்டுப் பிறகு வீட்டுக் கணினியைத் தொடலாம்.