கோல்ஃப் சிமுலேட்டரில் பந்து எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுக்குள் தொங்கும் திரையில் பந்தை அடித்து ஆடுவதுதான் சிமுலேட்டர். அந்தத் திரையில் மோதியா பந்து வீணாகிறது? பெரும்பாலும் இல்லை. தோலை உரிப்பது வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கி அடிக்கும் குறுந்தூர மட்டை) முகத்திலுள்ள கூர்மையான பள்ளங்கள்தான். யூரித்தேன் உறை மென்மையானது, புது வெட்ஜில் ஒரே அடியில் மயிர் மயிராகக் கிளம்பும். சர்லின் என்ற பிளாஸ்டிக் உறை கெட்டி. ஸ்பின் (பந்தின் சுழற்சி) குறையும், ஆனால் நெடுநாள் உழைக்கும். அதனால் வெட்ஜுக்குத் தனியாக நாலைந்து பந்துகள், நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டைக்குத் தனியாக.

புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் வீடென்றால் இன்னொரு தொல்லை: மணல். செருப்போடு வந்து, நின்று அடிக்கும் விரிப்பில் (மேட்) உட்காரும், அங்கிருந்து மட்டையின் முகத்துக்கு ஏறும், அடிக்கும்போது உப்புத்தாளாகத் தேய்க்கும். விரிப்பைத் தினமும் வாக்யூம் செய்யுங்கள். முலாம் பூசாத வெட்ஜில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறும். ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி வையுங்கள்.

நகத்தால் பந்தைத் தடவுங்கள். நகம் மாட்டினால் அது திரைக்கு ஆகாது, பாலியெஸ்டர் நூலை இழுத்துவிடும். பந்தைவிடத் திரைதான் பல மடங்கு விலை! வெறும் கறை என்றால் சோப்புத் தண்ணீர் போதும். பந்தின் ஓட்டத்தை அளக்கும் கேமரா வகைக் கருவிகளில் அழுக்குப் பந்து ஸ்பின் கணக்கையும் குழப்பும்.

திரைக்கும் சுவருக்கும் ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் டிரைவர் அடி சிமென்ட் சுவரில் போய்த்தான் நிற்கும்.