வேட்டி இல்லாத மாடி

சிலுவாரின், அதாவது கால்சட்டையின், இடுப்புப் பட்டையைப் பையனின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டு முனையும் பிடரியில் தொட்டுக்கொண்டால் இடுப்பில் சரியாக நிற்கும். நவம்பர், டிசம்பர் பள்ளி சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை கழுத்து பிடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. தொடக்கப் பள்ளிக்கு நீலம், இடைநிலைப் பள்ளிக்குப் பச்சை. "அடுத்த வருஷமும் போடணும் தம்பி, ஒரு சைஸ் பெருசா குடு" என்று அம்மாக்கள் சொல்வதற்கு முன்னாலேயே கை பெரிய சைஸை எடுத்துவிடும்.

1994இல் மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், பினாங்கு ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், மூடியாகிவிட்டது. ஏன் மூடினார்கள் என்று கேட்பவர்கள் பதிலையும் அவர்களே வைத்திருக்கிறார்கள்: ஷோப்பி, லசாடா என்ற ஆன்லைன் கடைகள். அளவு போட்டுப் பார்த்துவிட்டு லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை வந்தபோது எங்கள் கடை ஏற்கெனவே பாதி செத்திருந்தது.

முதலில் ஆட்கள் போனார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் சொற்ப வாடகைக்கு மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்கள்தான் எங்கள் வாடிக்கை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரியோடு போனது. வாடகை ஏற ஏற ஆயர் ஈத்தாம், பாயான் பாரு, அக்கரையில் பட்டர்வொர்த் என்று சிதறிவிட்டார்கள். 2001இல் கர்னி பிளாசா, 2006இல் குவீன்ஸ்பே. கார் நிறுத்த இடம் உள்ள பேரங்காடியை விட்டு எங்களிடம் எதற்கு வர வேண்டும்? 2008இல் ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்ததும் தவ்கே, அதாவது கடை முதலாளி, கேக் வெட்டினார். சுற்றுப்பயணிகள் வந்தார்கள்தான். ஏர்கான் காற்று வாங்கினார்கள், கழிவறை எங்கே என்று கேட்டார்கள். வெள்ளைக்காரருக்குப் பள்ளிச் சிலுவார் எதற்கு?

இதெல்லாம் எங்கள் கையில் இல்லை. கையில் இருந்ததையும் விட்டோம், அதுதான் உறுத்துகிறது.

ஆண்கள் பிரிவுக்குச் சரக்கு எடுப்பவர் ஒரு சீனப் பெரியவர். தீபாவளிக்கு முன் என்னைக் கடைத் தெருவுக்குக் கூட்டிப்போவார். லெபோ பாசாரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். மொத்தக் கடையில் வேட்டிக் கட்டைப் பிரித்து, "நீ தொட்டுப் பார், எனக்குத் தெரியாது" என்று மலாயில் சொல்வார். தைப்பூசத்துக்கு மஞ்சள் துணி. எது நிற்கும், எது ஒரே சலவையில் சாயம் விடும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

1997இல் ரிங்கிட் சரிந்து, மறு ஆண்டு டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்தார்கள். சரக்கு எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம் என்று தவ்கே முடிவு செய்தார். இடத்தை பிராண்டுகளுக்குக் கொடுத்துவிட்டு விற்றதில் கமிஷன் எடுப்பது. சரக்கு அவர்களுடையது, நிற்கும் புரமோட்டரின் சம்பளமும் அவர்களுடையது. விற்காவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். பெரியவர் ஓய்வு பெற்றபோது அந்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை. சட்டை கேட்டு வந்தவரை மூன்று பிராண்டுக்காரர்கள் மூன்று பக்கம் இழுத்தார்கள். எல்லாப் பேரங்காடியிலும் இருக்கும் அதே மூன்று பிராண்டு.

ஒரு கூட்டத்தில், தீபாவளிக்கு வேட்டி வைக்கலாமே என்றேன். "எந்த பிராண்டு? புரமோட்டர் அனுப்புவார்களா?" என்று கேட்டார் புது மேனேஜர். வேட்டிக்கு பிராண்டு என்று நான் எதைச் சொல்வேன்? அந்த இடத்தில் சூட்கேஸ் வந்தது.

அந்த வருடம் பாயான் பாருவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பாட்டி வந்தார். "வேட்டி எங்கப்பா? மாடி மாத்திட்டீங்களா?" என்றார். கடைத் தெருவுக்கு நானே வழி சொல்லி அனுப்பினேன். வாசல்வரை கூடப் போய், எந்தக் கடையில் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அதன்பின் அவரைக் கடையில் பார்க்கவில்லை.

2020 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பின் கதவை முழுதாகத் திறக்கவே இல்லை. அலமாரி, கண்ணாடி, பொம்மைகள் எல்லாம் ஏலம் போட்ட விலைக்குப் போயின. ஆண் பொம்மைகளில் இரண்டை கடைத் தெரு ஜவுளிக்காரர் எடுத்தார். ஒன்றுக்கு வேட்டி கட்டி வாசலில் நிறுத்தியிருக்கிறார். அந்தப் பக்கம் போனால் நின்று பார்ப்பேன். கொசுவம் சரியாக இல்லை, கரை கோணலாக விழுகிறது. ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தேன்.