எட்டுத் தாளை மடித்தால் ஒரு படப்புத்தகம்

ஏ4 தாள் எட்டு எடுத்து அடுக்கி, நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தால் 32 பக்கம். சிறுவர் படப்புத்தகத்தை எழுதி வரைகிறவரின் மேசைக்கு முதலில் வர வேண்டியது இந்த வெற்று நோட்டுதான். நல்ல தூரிகை, டேப்லெட் எல்லாம் அப்புறம். கதையை முழுசாக எழுதி, படங்களைத் தனித்தனியாக அழகாக வரைந்து, அதற்குப் பிறகு பக்கங்களுக்குள் அடைக்கப் பார்க்கிறவர்கள்தான் பெரும்பாலும் எல்லாவற்றையும் இரண்டாம் முறை வரைகிறார்கள்.

ஏன் 32? பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடிக்கும்போது ஒரு ஃபாரத்துக்கு 8 அல்லது 16 பக்கம் கிடைக்கும். இரண்டு 16 சேர்ந்தால் 32. 24, 40, 48 என்றும் போகலாம். "கதை 34 பக்கம் வந்துவிட்டது, பரவாயில்லையா?" என்று கேட்டால் அச்சகத்தில் சிரிப்பார்கள்.

அந்த 32 பக்கமும் கதைக்கே கிடைக்காது. கடின அட்டைப் புத்தகத்தில் முன்னும் பின்னும் ஒட்டும் தாள்களைத் தனியாகப் போடுகிறார்கள் என்றால், 1-ம் பக்கம் தலைப்பு, 2-3 பதிப்புரிமை விவரமும் காணிக்கையும், 4-5 தொடங்கி 30-31 வரை கதைக்கு 14 விரிபக்கம் (எதிரெதிரான இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிபக்கம்), கடைசியாக 32-ம் பக்கம் ஒற்றையாக. ஒட்டும் தாளும் அந்த 32-க்குள்ளேயே என்றால் கணக்கு வேறு. 1-ம் பக்கமும் 32-ம் பக்கமும் அட்டையோடு ஒட்டிப்போகும். 2-3, 30-31 ஒட்டுத்தாளாகத் தெரியும் விரிபக்கங்கள். 4-5 தலைப்புக்குப் போக, கதைக்கு 6 முதல் 29 வரை 12 விரிபக்கம்தான். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் 14 வரைந்து கொடுத்தால் இரண்டு படம் வீண். அதைவிட மோசம், இரண்டை வெட்டியபின் எஞ்சிய கதையில் தாளம் தப்பிவிடும்.

எழுத்து விஷயத்தில் எங்கள் கணக்கு 300 முதல் 400 சொல். ஆங்கிலத்தில் 500 என்பார்கள். தமிழில் வேற்றுமையும் வினைமுற்றும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும், ஆனால் சொல் நீளும். முதல் பிரதியில் 900 சொல் இருந்தால் பயப்பட வேண்டாம். பாதிக்கு மேல் படம் செய்யப்போகும் வேலையை எழுத்து செய்துகொண்டிருக்கும். "மழை கொட்டியது. யானைக்குட்டி சிவப்புக் குடையை விரித்துக்கொண்டு சேற்றில் தனியாக நடந்தது" என்று எழுதியிருக்கிறோம் என்று வையுங்கள். மழை, குடை, சிவப்பு, சேறு, தனிமை எல்லாமே படத்தில் தெரியும். அவற்றை அடித்துவிட்டு, படத்தால் சொல்ல முடியாத ஒன்றை மட்டும் வைக்கலாம்: "இன்றைக்கும் யாரும் கூப்பிடவில்லை." பதினாறு நாள் கழித்து அந்த வரியையும் எடுத்துவிடத் தோன்றினால், அப்போது யானைக்குட்டியின் காதும் துதிக்கையும் அதைச் சொல்லும் அளவுக்கு வரைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எழுதியதை நோட்டில் பென்சிலால் பிரித்துப் போடும்போதுதான் பக்கம் புரட்டுவது என்ற கருவி கைக்கு வரும். வலப்பக்கத்தின் கீழ்க்கோடியில் கேள்வி, புரட்டினால் பதில். "கதவைத் திறந்தால்..." என்பது இடப்பக்கத்திலும், திறந்த கதவுக்குப் பின்னால் நிற்கும் பூதம் எதிர்ப்பக்கத்திலும் இருந்தால் காரியம் கெட்டது. குழந்தை வாசகத்தைக் கேட்பதற்கு முன்பே பூதத்தைப் பார்த்துவிடும். கதை முழுவதும் இப்படிப் புரட்டவைக்க வேண்டியதில்லை. நாலைந்து இடம் போதும். எல்லாப் பக்கத்திலும் மூன்று புள்ளி வைத்தால் ஐந்தாவதில் குழந்தைக்கு அலுத்துப்போகும்.

அடுத்தது தம்ப்நெயில், அதாவது குட்டி முன்வரைவு. ஒரே தாளில் நாலு சென்டிமீட்டர் அகலத்தில் எல்லா விரிபக்கத்துக்கும் கட்டம் போட்டு, தடிமனான பேனாவால் வரைய வேண்டும். கூரான பென்சில் வேண்டவே வேண்டாம், கை உடனே கண் இமையை வரையப் போய்விடும். இங்கே பார்க்க வேண்டியது மொத்தத்தையும். எல்லாக் கட்டத்திலும் உருவம் ஒரே உயரம், தொடுவானம் ஒரே கோடு என்றால் நாடக மேடை மாதிரி இருக்கும். ஒன்று தூரத்தில், ஒன்று முகத்தருகே, ஒன்று மேலிருந்து, ஒன்று வெள்ளைப் பக்கத்தில் ஓரமாகச் சின்னதாக. தமிழ் இடமிருந்து வலம் ஓடுவதால் வலப்பக்கம் நோக்கி நடக்கிறவர் புறப்படுகிறார் என்றும், இடப்பக்கம் நோக்கி நடக்கிறவர் திரும்புகிறார் அல்லது எதிர்க்கிறார் என்றும் கண் எடுத்துக்கொள்ளும். தெரிந்து செய்தால் இது பலம். தெரியாமல் செய்தால் யானைக்குட்டி 8-ம் பக்கத்திலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டது போலிருக்கும்.

தம்ப்நெயில் பத்துத் தடவை மாறலாம், ஒரு தடவைக்கு ஒரு காலைதான் செலவு. வண்ணம் அடித்தபின் மாற்றினால் ஒரு வாரம்.

நடுமடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அதிகம் பேர் விழும் குழி அதுதான். முகம், கை, எழுத்து எதுவும் மடிப்பிலிருந்து பக்கத்துக்கு 12 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது. பசை போட்டு ஒட்டும் பைண்டிங் என்றால் 15 வையுங்கள். தையல் பைண்டிங் கொஞ்சம் நன்றாக விரியும். மடிப்பு படத்தை விழுங்குவது மட்டுமல்ல பிரச்சினை. விரிபக்கத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் பெரும்பாலும் அச்சுத்தாளில் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். மடித்துச் சேர்க்கும்போது ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும், நிறமும் ஒரு சாயல் மாறலாம். மடிப்பைக் கடக்கும் மெல்லிய சாய்கோடு, கயிறு, குடைக்காம்பு எல்லாம் ஒடிந்ததுபோல் தெரிவது இதனால்தான். இரண்டு 16 பக்க ஃபாரமாகத் தைக்கிறார்கள் என்றால் 8-9, 24-25 ஆகிய இரண்டு இடத்தில் மட்டும் விரிபக்கம் ஒரே தாளாக இருக்கும். மடிப்பைக் கடந்தே தீர வேண்டிய படத்தை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அதே புத்தகத்தில் 16-17 மிக மோசமான இடம், அங்கே ஒரு ஃபாரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. நடுவில் பின் அடிக்கும் மெல்லிய அட்டைப் புத்தகத்தில் இது தலைகீழ்: 16-17 தான் நடுத்தாள். ஆனால் அதில் உள்பக்கங்கள் வெளியே பிதுங்கும் என்பதால் வெட்டும்போது ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போகும். வெளி ஓரத்தில் எழுத்தை ஒட்டி வைக்காதீர்கள்.

கதாபாத்திரத் தாள் ஒன்று கட்டாயம். முன், பக்கம், பின், முக்கால் கோணம், உட்கார்ந்தது, ஓடுவது. சட்டையில் எத்தனை கோடு, பை எந்தத் தோளில், எந்தக் காதில் கிழிசல் என்று பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். நாலு வயதுக் குழந்தை ஒரே புத்தகத்தை நூறு தடவை பார்க்கும், பொத்தான் ஒன்று குறைந்தால் விரல் வைத்துக் காட்டும்.

முழு அளவுப் பென்சில் படங்களை ஜெராக்ஸ் எடுத்து, வாசகத்தை உண்மையான எழுத்தளவில் அச்சிட்டு வெட்டி ஒட்டினால் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாம் வாயைத் திறக்கக் கூடாது. அவர் நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் சரியில்லை. பின்னுக்குப் புரட்டிப் பார்க்கும் இடத்தில் படம் சரியில்லை.

பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டியதும் இதுதான்: முழு வாசகம், டம்மியின் பிடிஎஃப், முழுதாக வண்ணம் தீட்டிய இரண்டு அல்லது மூன்று விரிபக்கம். 14-ஐயும் முடித்து அனுப்புகிறவர்கள் உண்டு, ஆசிரியர் குழு ஒரு பாத்திரத்தை மாற்றச் சொன்னால் 14 படமும் போச்சு. எழுத மட்டும் தெரிந்தவர் ஓவியரைத் தேடிப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியதில்லை, அது பெரும்பாலும் பதிப்பகத்தின் வேலை.

ஒப்பந்தத்தில் நாங்கள் முதலில் தேடும் வரிகள் சில. ராயல்டி அட்டை விலையிலா, பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையிலா? சதவீதம் ஒன்றாகத் தெரிந்தாலும் கைக்கு வருவது வெகுவாக மாறும். முன்பணம் எத்தனை தவணை? கையெழுத்து, பென்சில் படம் ஏற்பு, இறுதிப்படம் ஒப்படைப்பு என்று மூன்றாகப் பிரிப்பது நியாயமானது. மொழி, நாடு, காலம், அசைபடம், பொம்மை உரிமைகள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா? மூலப்படம் ஓவியருக்கே சொந்தம் என்ற வரி இருக்கிறதா? பென்சில் நிலையில் எத்தனை திருத்தம், வண்ணத்துக்குப் பின் எத்தனை என்பதையும் எண்ணாகவே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது முடியவே முடியாது.

இனி இறுதிப்படம். பக்கம் 25×20 சென்டிமீட்டர் என்றால் விரிபக்கம் 50×20. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் ஓரம்) சேர்த்தால் 50.6×20.6. டிஜிட்டலில் 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது ஏறக்குறைய 5,976×2,433 பிக்சல். தாளில் வரைகிறவர்கள் 115 சதவீத அளவில் வரைந்தால் குறைக்கும்போது கோடு இறுகி அழகாகும். அதாவது 58.2×23.7. 76×56 சென்டிமீட்டர் முழுத்தாளில் இப்படி இரண்டு விரிபக்கம் அடங்கி, 8 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு பட்டை மிஞ்சும். அதை எறியாதீர்கள். எந்த நீலத்தோடு எந்தப் பழுப்பைக் கலந்தோம் என்று அந்தப் பட்டையிலேயே தீற்றி, பக்கத்தில் எழுதிவைத்தால் மூன்று மாதம் கழித்து அதே மழைமேகம் திரும்பக் கிடைக்கும். தாளின் எடை 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைவென்றால் நனைத்து இழுத்துப் பலகையில் ஒட்டியே ஆக வேண்டும். சுருங்கிய தாள் ஸ்கேனரில் படியாது, நிழல் விழும்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். நாலைந்து மாத வேலையில் கை மாறும். 4-5 தொடங்கி வரிசையாகப் போனால் புத்தகத்தின் இரு கோடியும் இரண்டு பேர் வரைந்தது போலிருக்கும். நடுவில் சுலபமான ஒன்றில் ஆரம்பித்து, முன்னும் பின்னும் தாவித் தாவிப் போவது எங்கள் வழக்கம். அட்டையைக் கடைசியில் வரைவதுதான் நல்லது. விற்பனைப் பட்டியலுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

சின்ன ஸ்கேனரில் துண்டு துண்டாக எடுப்பவர்களுக்கு ஒன்று: தாளைத் தலைகீழாகத் திருப்பி மறுபாதியை எடுக்கக் கூடாது. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமிருந்துதான் விழும். திருப்பினால் தாளின் சொரசொரப்பு நிழலும் திரும்பிவிடும். என்ன சரிசெய்தாலும் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். ஒரே திசையில் நகர்த்தி, மூன்று நாலு சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுங்கள். திரையில் பளீரென்ற ஆரஞ்சும் பச்சையும் சிஎம்ஒய்கே-க்கு (அச்சின் நாலு மை: நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு) மாறும்போது மங்கும், மினுமினுப்பில்லாத தாளில் இன்னும் உறிஞ்சிக்கொள்ளும். படம் பாதி நடக்கும்போதே ஒன்றை மாற்றிப் பார்த்துவிட வேண்டும்.

எழுத்தைப் படத்துக்குள் வரையாதீர்கள். கடைப்பலகை, கடிதம், "டமார்" உட்பட எல்லாம் தனி அடுக்கில், கறுப்பு மை மட்டும் 100 சதவீதத்தில். இத்தாலியின் பொலோனியாவில் ஆண்டுதோறும் நடக்கும் சிறுவர் புத்தகச் சந்தையில் மொழி உரிமைகள் கைமாறும். வாங்கும் பதிப்பகங்கள் சேர்ந்து அச்சடித்தால் மூன்று வண்ண மைகளின் பிளேட்டும் (மைக்கு ஒன்றான அச்சுத் தகடு) அப்படியே இருக்க, கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றி அடுத்த மொழி ஓடும். கறுநீல இரவுப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தைக் குடைந்து வைத்தால் நாலு பிளேட்டும் மாற வேண்டும். அந்த ஒரு பக்கத்தின் செலவு புத்தகத்தையே விற்க விடாது. நாலு மையையும் சேர்த்த கறுப்பில் எழுத்து வைத்தாலும் வம்புதான், அச்சில் இம்மி நகர்ந்தால் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல்.

தமிழுக்கென்று தனித் தலைவலி ஒன்று. யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி கம்போசரை இயக்காவிட்டால் "கொ", "கோ", "கை" ஆகியவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வாசகத்தை இடப்பக்கம் மட்டும் நேர்செய்யுங்கள். நம் சொற்கள் நீளம் என்பதால் இரு பக்கமும் இழுத்தால் குறுகிய பத்தியில் சொற்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி ஆறுபோல் ஓடும்.

புரூஃபை (அச்சகம் தரும் மாதிரி அச்சு) 5,000 கெல்வின் விளக்கின் கீழோ, அது இல்லையென்றால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்திலோ பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் ஓகே சொன்னால் நீலமெல்லாம் பொய். முதல் சுற்றில் எழுத்து மட்டும், இரண்டாவதில் தோல் நிறம் மட்டும், மூன்றாவதில் ஓரங்களும் மடிப்பும் மட்டும். ஒரே சுற்றில் எல்லாம் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. முதுகுப்பட்டையில் தலைப்பு நேராக இருக்கிறதா, ஐஎஸ்பிஎன் எண் உள்ளும் வெளியும் ஒன்றா என்று வேறொருவர் பார்க்கட்டும்.

அச்சுக்குப் போனதும் அடுக்குகளை ஒன்றாக்காத மூலக்கோப்பு, ஸ்கேன் செய்த முதல் கோப்பு, அச்சுக்குக் கொடுத்த பிடிஎஃப் மூன்றையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். மூலப்படங்களுக்கு இடையில் அமிலமில்லாத தாள் வைத்து, படுக்கையாக, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பக்க எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா முன்பக்கம் ஊறும்.