க்ஷெல் நீலமும் தேவாலய ஓடுகளும்: என் மட்பாண்டப் பயிற்சி இதுவரை

பணியின் பொருட்டு மாஸ்கோவில் வசிக்கத் தொடங்கிய பிறகு, விடுமுறை நாள்களில், வெள்ளைப் பீங்கானில் நீலம் தீட்டும் ரஷ்யக் கைவினையான க்ஷெல் முறைப்படி வண்ணம் தீட்டக் கற்று வருகிறேன். இப்போது கலங்களிலிருந்து சுவர் ஓடுகளுக்கு வந்திருக்கிறேன். ஏன் வந்தேன், எதுவரை வந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கஸான் ரயில் நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் சென்றடையக்கூடிய க்ஷெல், ஒற்றை ஊர் அன்று. துரிகினோ, ரெசீட்சி, நோவோ ஹரித்தோனவோ எனப் பல சிற்றூர்கள் சேர்ந்த குயவர் நாடு அது. இளவரசர் இவான் கலித்தா 14ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த உயிலிலேயே அதன் பெயர் உண்டு. மருந்துக் கலங்கள் செய்ய அங்கிருந்து களிமண் அனுப்புமாறு 1663இல் ஜார் அலெக்சேய் மிகைலொவிச் ஆணையிட்டார். சுட்டால் வெளுக்கும் அந்த மண்ணைத்தான், 1740களில் ரஷ்யாவின் முதல் பீங்கானை உருவாக்கிய திமீத்ரி வினக்ராதவ் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார். ஆக, அவ்வூரின் பெருமை மண்ணில் தொடங்கியது. நீலம் அதன் பிறகுதான் வந்தது.

எனினும் என் பயிற்சி நீலத்தில்தான் தொடங்கியது. ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் முதன்முறை சுட்ட, இன்னும் நீரை உறிஞ்சும் நிலையிலுள்ள வெள்ளைக் கலத்தின்மீது கோபால்ட் ஆக்சைடைக் குழைத்துத் தீட்ட வேண்டும். தீட்டும்போது அது கரிய நிறமாகவே இருக்கும். கலத்தைப் பளபளப்புப் பூச்சில் முக்கியெடுத்து, ஏறத்தாழ 1350 பாகையில் மறுபடி சுட்ட பிறகே அது நீலமாகிறது. எனவே, எந்த இடம் எவ்வளவு வெளிறும், எந்த இடம் எவ்வளவு ஆழ்ந்து நிற்கும் என்பதைக் கரிய சாயலைக் கொண்டே மனத்தில் கணித்துக்கொள்ள வேண்டும். தூரிகையின் ஒரு பக்கத்தில் நிறத்தைச் செறிவாக ஏற்றி, மறுபக்கத்தை ஈரமாக மட்டும் வைத்து, அழுத்தித் திருப்பினால், ஒரே தீற்றலில் அடர்நீலத்திலிருந்து மெல்லிய நீலம் வரை எல்லாச் சாயல்களும் இறங்கிவிடுகின்றன. ரோஜாவின் ஒவ்வோர் இதழும் இப்படி ஒரு தீற்றல்தான். அதன்மேல் மறுபடி தூரிகையை வைத்தால் இதழின் ஒளி போய்விடும்.

க்ஷெல் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வரும் இந்த நீல ரோஜா அங்கே தொன்றுதொட்டு மாறாமல் வந்தது அன்று. 19ஆம் நூற்றாண்டின் நீல ஓவியம் காலப்போக்கில் நலிந்து, போர் முடியும் தறுவாயில், 1944-45 ஆண்டுகளில், கலை வரலாற்றறிஞர் அலெக்சாந்தர் சல்திகோவும் ஓவியர் நத்தாலியா பெசராபவாவும் அருங்காட்சியகக் கலங்களை ஆராய்ந்து அதை மீட்டமைத்தார்கள். தீற்றல்களை ஓர் அகரவரிசைபோல் ஒழுங்குபடுத்திப் பயிற்றுவித்தவர் பெசராபவா. அந்த வரிசையையே நானும் தாளில் எழுதிப் பழகினேன். மீட்டெடுக்கப்பட்டது என்பதால் இதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. அறுபட்ட கைப்பழக்கத்தைக் கலங்களைப் பார்த்தே திரும்பக் கட்டியெழுப்பியது எனக்குப் பெரும் சாதனையாகவே படுகிறது.

ஆனால் நீலத்துக்கு முன் என்ன இருந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. 18ஆம் நூற்றாண்டு க்ஷெல் மயோலிகாவில், அதாவது வெண்பூச்சிட்டு நிறம் தீட்டிய சுடுமண் கலங்களில், பச்சை, மஞ்சள், பழுப்பு, கத்திரிப்பூ நிறம் எனப் பல நிறங்கள் உண்டு. நடுவில் துளையுள்ள வளைய வடிவ உடலைக் கொண்ட, குவாஸ் என்னும் புளித்த ரொட்டிப் பானத்துக்கான குடங்களை அருங்காட்சியகத்தில் பார்த்தபோது, இந்த நிறங்களுக்கு முன்னோடிகளைத் தேவாலயச் சுவர்களில்தான் தேட வேண்டும் என்று தோன்றியது. மாஸ்கோவின் பல்யான்கா வீதியில், 1670களில் கட்டி முடிக்கப்பட்ட நியோசிசேரியாவின் புனித கிரிகோரி தேவாலயத்தின் மேற்புறத்தில் ‘மயிற்கண்’ ஓடுகள் பட்டையாக ஓடுகின்றன. அவற்றைச் செய்தவர் ஸ்தெபான் பொலுபேஸ். அவர் க்ஷெல் ஊரினர் அல்லர். பெலாருஸ் பகுதியிலிருந்து வந்து மாஸ்கோவில் தொழில் செய்தவர். இஸ்த்ரா நகருக்கு அருகிலுள்ள புதிய எருசலேம் மடத்தில், திருவுருவங்களைத் தாங்கி நிற்கும் பலிபீடத் தடுப்புச் சுவர்களையே சுடுமண்ணில் அமைத்த கைவினைஞர்களுள் அவரும் ஒருவர். 1941 டிசம்பரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்தக் கோயிலைத் தகர்த்தது. இன்று அங்கே நாம் காண்பதில் பெரும்பகுதி, பல்லாண்டுக் கால மறுசீரமைப்பின் விளைவு.

க்ஷெல் நாட்டுக்கும் இத்தகைய தடுப்புச் சுவர்களுக்கும் நேரடி உறவு பின்னர் ஏற்பட்டது. நோவோ ஹரித்தோனவோவில் தொழில் தொடங்கிய, பழைய வழிபாட்டு முறையைக் கைவிடாத குஸ்னெத்சோவ் குடும்பத்தின் நிறுவனம் செய்த மயோலிகா தடுப்புச் சுவர் ஒன்று, 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றது. இப்போது அது செக் நாட்டின் மரியான்ஸ்கே லாஸ்னே நகரில் உள்ள புனித விளாதிமிர் தேவாலயத்தில் இருக்கிறது. அதை நேரில் காணும் வாய்ப்பு எனக்கு இன்னும் அமையவில்லை.

இந்தத் தேடலே என்னை ஓடுகளுக்கு இழுத்து வந்தது. பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்தி, மயிற்கண் ஓட்டைப் பார்த்து நானே வரைந்துகொண்ட எளிய வடிவம் ஒன்றைப் புடைப்பாக எடுக்கிறேன். ஓட்டின் பின்புறத்தில் பெட்டிபோல் எழும் விளிம்பை ரஷ்யக் கைவினைஞர்கள் ‘ரும்பா’ என்கிறார்கள். சுண்ணக்காரை அதனுள் புகுந்து இறுகுவதால்தான் கனத்த ஓடுகள் நூற்றாண்டுக் கணக்கில் சுவரில் நிற்கின்றன. என் சிறிய ஓட்டுக்கும் அந்த விளிம்பைச் சேர்க்கிறேன். காயும்போது முகப்பு வளையாமல் இருக்கவும் அது உதவுகிறது. விளிம்பு முகப்பைவிட விரைவாக உலர்வதால், அதன்மேல் மட்டும் ஈரத்துணியைப் போர்த்தி, ஓடு முழுவதும் ஒரே சீராக உலரும்படி பார்த்துக்கொள்கிறேன்.

முதற்சுடலுக்குப் பின், வெள்ளீய ஆக்சைடு கலந்த வெண்பூச்சையும் நிறப்பூச்சுகளையும் புடைப்பின் பள்ளங்களில் தனித்தனியே இடுகிறேன். புடைப்பின் வரம்புகள் நிறங்களைப் பிரித்து நிறுத்துகின்றன. கோபால்ட் நீலமும் செம்பு தரும் பச்சையும் எனக்கு நிறைவாக அமைந்துவிட்டன. மஞ்சள்தான் இன்னும் நான் விரும்பும் அளவுக்குத் தெளியவில்லை. பழைய ஓடுகளில் காரீயப் பூச்சும் ஆன்டிமனியும் சேர்ந்து தந்த அந்த மஞ்சளை, நச்சுத்தன்மை காரணமாக நான் தொடப்போவதில்லை. அதற்குப் பதிலாக, ஆயத்தமாகக் கிடைக்கும் காரீயமற்ற மஞ்சள் நிறப்பொடிகளை வெவ்வேறு விகிதங்களில் வெண்பூச்சுடன் கலந்து, சிறு துண்டுகளில் பூசி வைத்திருக்கிறேன். அவை அடுத்த சூளையில் ஏறுகின்றன.