மீட்பில் தந்தையின் பங்கு: மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஞாயிறு மறைக்கல்வி நடத்துறவங்க கவனத்துக்கு.

"பிதா கோபமா இருந்தார், இயேசு குறுக்கே நின்று தடுத்தார்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப்போடாதீங்க. கேட்க விறுவிறுப்பாத்தான் இருக்கும். ஆனால் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை ஒருவருக்கொருவர் எதிராளியாக்கிவிடும். யோவான் 3:16 இல் முதலில் வருவது தந்தையின் அன்பு. மகனை அனுப்புவது அதன் விளைவு. சிலுவை அந்த அன்பை விலைக்கு வாங்கவில்லை, அதிலிருந்துதான் வந்தது.

எபேசியர் 1:3-6ஐ வாசித்து, வினைச்சொற்களின் கீழ் கோடு போடச் சொல்லுங்க: ஆசி வழங்கினார், தேர்ந்துகொண்டார், முன்குறித்தார். எழுவாய் தந்தையே. உலகம் தோன்றுமுன்னே என்ற இடத்துக்கு இரட்டைக் கோடு. பிறகு கலாத்தியர் 4:4-6: மகனை அனுப்புகிறார், ஆவியையும் அனுப்புகிறார், நம்மைப் பிள்ளைகளாக்க. கிறிஸ்து எழுப்பப்பட்டதும் தந்தையின் மாட்சியால் (உரோமையர் 6:4). இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுறோம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: தந்தையே சிலுவையில் பாடுபட்டார் என்பது. 3ஆம் நூற்றாண்டிலேயே தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதை மறுத்து எழுதினார். அனுப்பியவர் தந்தை, மனிதரானவர் மகன்.

வகுப்பில் நேரமில்லையா? திருப்பலியில் அப்பத்தையும் இரசத்தையும் வைத்து குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டின் முடிவைக் கவனிக்கச் சொல்லுங்க. மகன் வழியாக, ஆவியின் ஒன்றிப்பில், தந்தையை நோக்கித்தான் அது போகும்.