அம்மாவின் கெண்டைக்கால்

காலையில் அம்மாவுக்குக் காலுறை மாட்டும்போதுதான் பார்த்தேன். இடது கெண்டைக்கால் மட்டும் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது.

இடுப்பு எலும்பு முறிந்து, செயற்கை மூட்டு வைத்து இன்றோடு 12 நாள்.

"படுத்தே கிடந்தா வீங்கத்தான் செய்யும், விடு" என்றார் அம்மா.

விட மனம் வரவில்லை. உடனே கூட்டிப்போனேன். ஸ்கேனில் தெரிந்தது, காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு. அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் முடிந்தால் கண்டம் தாண்டியாச்சு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எலும்பு முறிந்த அன்றைக்கே இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது. அடிபட்ட உடம்பில் ரத்தம் எளிதில் உறைகிறது. அசையாத காலில் ஓட்டமும் மந்தமாகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் இந்த ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கும். அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ பெரும்பாலும் 35 நாள் வரை தருகிறார்கள். போட்டுக்கொண்டாலும் சிலருக்கு வரத்தான் செய்கிறது.

ஒரு கால் மட்டும் வீங்கினால், வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா இப்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்தபடி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.