அடிவயிற்று வலிக்குப் பிசியோதெரபி போன கதை

அடிவயிற்றில் எப்போதும் ஒரு கனம், உட்கார்ந்தால் குத்தல், மூத்திரம் போன பிறகும் எரிச்சல், வீட்டுக்காரரோடு சேர்ந்தால் உயிர் போகிற வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூத்திர ரிப்போர்ட்டும் சுத்தம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்பார்களாம், நான் அதை எப்போதோ தாண்டிவிட்டேன். கல்யாணமான பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கும் என்று ஒரு டொக்டர் பனடோல் மாத்திரை எழுதித் தந்தார்.

அப்புறம் கண்டியில் ஒரு லேடி டொக்டர்தான் பிசியோவுக்கு அனுப்பினார். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளில் பஸ் தூக்கிப் போடுவதைத் தனியாக எழுதலாம்.

பிசியோ மிஸ் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். பிறப்புறுப்புக்கு உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும், விருப்பமில்லை என்றால் வேண்டாம், நடுவில் சொன்னாலும் நிறுத்திவிடுவேன் என்றார். கையுறை போட்டு, ஒற்றை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனவர் வலது பக்கம் ஓரிடத்தைத் தொட்டதும் துள்ளிவிட்டேன். மூத்திரப்பையில் என்று நான் நினைத்திருந்த அதே வலி! இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்கும் தசைகள் வலிக்குப் பயந்தே இறுகுமாம், இறுகுவதால் இன்னும் வலிக்குமாம்.

பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற, கீழே இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைச் செய்யவே வேண்டாம் என்றார். அது தளர்ந்த தசைக்கு, எனக்குச் செய்தால் வலி கூடும். எனக்குத் தந்தது மூச்சுப் பயிற்சி: மல்லாந்து முழங்காலை மடக்கி, வயிறு உப்ப மூச்சை இழுக்கும்போது அடிப்பகுதியையும் கீழே தளர விடுவது. கேட்க லேசுதான், ஆனால் தளர்வது எப்படியிருக்கும் என்பதே ரொம்ப நாள் பிடிபடவில்லை. இதில் தோட்டத்து லயத்தில், ஒற்றைக் காம்பரா வீட்டில், மாமி அடுப்படியில் நிற்க, பாயில் காலை அகட்டிப் படுப்பது வேறு பாடு. முதுகு வலிக்கு என்று சொல்லி வைத்தேன்.

மூத்திரத்தை அடக்குவீர்களா என்றும் கேட்டார். தேயிலை மலையில் பறித்த கொழுந்தை நிறுக்கும் வரை அடக்காமல் வேறென்ன செய்வது? அடக்கவும் கூடாது, முட்டாமலே அடிக்கடி போகவும் கூடாது, முக்கவும் கூடாதாம். சரி மிஸ், மலையில் கக்கூஸ் கட்டித் தர தோட்டத்துக்கு யார் சொல்வது?

வலி முழுசாகப் போகவில்லை, மாதவிலக்குக்கு முன்னால் இன்னும் தலை காட்டும். ஆனால் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது. வீட்டுக்காரரையும் மிஸ் கூப்பிட்டுப் பேசினார், இப்போது நான் போதும் என்றால் அவர் முகம் சுளிப்பதில்லை.